மகளின் மைக்ரேன்: புதுப்பிப்பு

மகளுக்கு அடிக்கடி தலைவலி, கூடவே வாந்தி, யாரிடம் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கண் பரிசோதனையில் ஒன்றுமில்லை. அப்புறம் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம், மைக்ரேன்தான் (ஒற்றைத் தலைவலி) என்றார்.

ஸ்கேன் வேண்டாமா என்று கேட்டேன். அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, படுத்தால் கூடுகிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். சந்தேகப்படும்படி எதுவும் இல்லாததால் இப்போதைக்குத் தேவையில்லை என்றார். ஒரு பக்கம் மட்டும்தான் வலிக்க வேண்டும் என்றில்லையாம், குழந்தைகளுக்கு இரண்டு பக்கமும் வலிக்கலாம், 2 மணி நேரத்தில் அடங்கியும் விடலாம்.

வலி தொடங்கியதுமே எடைக்கேற்ற அளவில் இபுப்ரோஃபென் என்ற வலி மருந்து. காத்திருந்து கொடுத்தால் பாதிப் பலன்கூட இல்லை, அதனால் பள்ளியிலேயே கொடுக்க மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று வலி மாத்திரை போனால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும், இதையும் கவனியுங்கள்.

தினசரி தடுப்பு மாத்திரை பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். 2017-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் அமிட்ரிப்டிலினும் டோபிரமேட்டும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை விட மேலான பலன் தரவில்லை. அதனால் முதலில் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணீர். தலைவலிக் குறிப்பேட்டை அவளே எழுதுகிறாள், "வெளிச்சம் குத்துது" என்று போன வாரம் எழுதியிருந்தாள். காலை உணவைத் தவிர்த்த நாட்களில்தான் அதிகம் வருகிறது என்பது அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அடுத்த சந்திப்பில் நடத்தைச் சிகிச்சை (வலியையும் மன அழுத்தத்தையும் சமாளிக்கப் பழக்கும் பயிற்சி) பற்றிக் கேட்கப் போகிறேன்.