பிபிசி மைக்ரோ: பழைய கேசட்டிலிருந்து நிரல் ஏறவில்லை, 'டேட்டா?' என்று நிற்கிறது

ஊசல் எழுதியது:

வணக்கம். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பழைய கணினிகளைச் சேர்ப்பது என் பித்து. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அண்மையில் ஒரு பள்ளி தன் பழைய ஆய்வகத்தைக் காலிசெய்தபோது பிபிசி மைக்ரோ மாடல் பி என்ற 1980களின் வீட்டுக் கணினி ஒன்றும் ஒரு பெட்டி கேசட்டுகளும் கிடைத்தன. 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த ரகம். இயந்திரம் நன்றாகவே இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் முதலில் தாழ்ந்த ஒலி, பிறகு 'பீப்', திரையில் 32கே என்ற வரி, கீழே குறியீடு. குறையே இல்லை.

சிக்கல் கேசட்டில். ஒன்றின் மேல் பேனாவால் 'தமிழ் எழுத்து 1, 2' என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. முதல் நிரலை ஏற்றினால் 03, 04 என்று தொகுதி எண்கள் ஓடி, ஓரிடத்தில் 'டேட்டா?' என்று வந்து, நாடாவைப் பின்னால் சுற்றச் சொல்கிறது. சில முறை 05இல் நிற்கிறது, சில முறை 06இல். இரண்டாம் நிரல் முழுதாக ஏறி ஓடுகிறது. ஆனால் தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் வெறுமை. கேள்விகளின் ஆங்கிலப் பகுதி மட்டும் தெரிகிறது.

பயன்படுத்துவது சாதாரண ஸ்டீரியோ டேப் ரெக்கார்டர். இடது, வலது இரண்டையும் ஒன்றாக இணைத்து கணினியின் ஏழு முனை டின் (DIN) இணைப்புக்குள் கொடுத்திருக்கிறேன்.

எமுலேட்டர் (பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) போதுமே என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்தக் கணினிக்கு வந்த எலைட் என்ற விண்வெளி விளையாட்டை எமுலேட்டரில்தான் வகுப்பில் காட்டுகிறேன். இந்தக் கேசட்டில் இருப்பதை இணையத்தில் எங்கும் பதிவிறக்க முடியாது.

ரிச்சித் தெருக்காரன் எழுதியது:

ஐயா, கேசட் இருக்கட்டும். அந்த இயந்திரத்தை எவ்வளவு நேரம் தொடர்ந்து மின்சாரத்தில் வைத்திருக்கிறீர்கள்? பவர் சப்ளையைத் திறந்து பார்க்காமல் இனி சுவிட்சைத் தொடாதீர்கள்.

உள்ளே 230 வோல்ட் வரும் பக்கத்தில் மஞ்சளும் பழுப்பும் கலந்த கண்ணாடி போன்ற உறையுடன் இரண்டு கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், மற்றது 0.01. காகிதத்தால் செய்தவை. உறையில் மயிரிழை விரிசல் விழுந்து, அதன் வழியே ஈரம் காகிதத்துக்குள் போய்விடும். பல ஆண்டு சும்மா கிடந்துவிட்டு மறுபடி மின்சாரம் பாய்ந்தால் ஒரு நாள் புகைந்து வெடிக்கும். கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அறையிலிருந்து நாற்றம் போக ஒரு வாரம் ஆகும்.

கணினிப் பெட்டியில் 'ஃபிக்ஸ்' என்று குறித்த திருகாணிகளைக் கழற்றினால் மூடி திறந்துவிடும். எக்ஸ்2 (வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்கத் தகுந்த பாதுகாப்பு வகை) என்று அச்சிட்ட, அதே மதிப்புள்ள பிளாஸ்டிக் படலக் கெபாசிட்டர்களைப் போடுங்கள். சாதாரண கெபாசிட்டர் கூடாது. பற்றவைப்பில் பழக்கம் இல்லையென்றால் பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மெய்நிகர் எழுதியது:

எமுலேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன். பழைய இயந்திரத்தில் மோதிக்கொண்டே இருந்தால் நாடா தேய்வதுதான் மிச்சம். கேசட்டை ஒருமுறை இன்றைய கணினியில் டபிள்யூஏவி ஒலிக்கோப்பாகப் பதிந்து, அதை யுஇஎஃப் என்ற கேசட் நகல் வடிவத்துக்கு மாற்றுங்கள். பீப்எம், பி-எம், உலாவியிலேயே ஓடும் ஜேஎஸ்பீப் என்று எல்லா எமுலேட்டர்களும் அதைப் படிக்கும். எம்பி3 ஆகப் பதியாதீர்கள். காதுக்கு வேண்டாதது என்று அது தள்ளிவிடுவது இங்கே வேண்டியதாக இருக்கலாம்.

நாடாப்பெட்டி எழுதியது:

பதிவதற்கு முன் பிளேயரைக் கவனியுங்கள் ஐயா. பிழை ஒரே தொகுதியில் வந்தால் நாடாவில் காயம். 05, 06 என்று இடம் மாறி வந்தால் நாடா நன்றாக இருக்கிறது, படிக்கும் விதம்தான் சரியில்லை. உங்களுடையது இரண்டாவது வகை.

நான் சந்தேகப்படுவது அந்த இரட்டை இணைப்பை. இந்த இயந்திரம் 0 என்பதை 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலையாகவும், 1 என்பதை 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலைகளாகவும் எழுதுகிறது. கேசட் ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. அப்படியானால் 2400 ஹெர்ட்ஸின் அலைநீளம் நாடாவின் மேல் ஏறத்தாழ 0.02 மி.மீ. நாடாவைப் படிக்கும் பிளேயரின் தலை சற்றே சாய்ந்திருந்தால் இடது தடமும் வலது தடமும் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதில்லை. அந்த வித்தியாசம் 0.01 மி.மீ. ஆனாலே இரண்டும் எதிரெதிர்க் கட்டத்துக்கு வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். நடைமுறையில் 1200 தப்பிக்கும், 2400 மெலியும். உங்கள் பாடம்தான், நான் சொல்லித் தருவது சரியில்லை.

ஆகவே இரண்டையும் கலக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) இருந்தால் அணையுங்கள். பிறகு தலையின் அருகிலுள்ள சின்னத் திருகாணியின் இப்போதைய நிலையைப் பேனாவால் குறித்துக்கொண்டு, தொடக்கத்தில் வரும் நீண்ட ஊளை மிகக் கூர்மையாகக் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள். அந்த ஊளை சரியாக 2400 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் நிறமாலையைப் பார்த்தால் பிளேயரின் வேகமும் தெரிந்துவிடும்.

ஊசல் எழுதியது:

முதலில் ரிச்சித் தெருக்காரருக்கு நன்றி. பெரிய கெபாசிட்டரின் உறை முழுவதும் சிலந்திவலை போல விரிசல். ஒரு மூலை உப்பியே இருந்தது. இரண்டையும் மாற்றியாயிற்று.

அடுத்தது நாடா. ஊளை 2280 ஹெர்ட்ஸில் வந்தது. அதாவது பிளேயர் 5 சதவீதம் மந்தம். பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்றினேன். ஒரு பக்க ஒலியை மட்டும் எடுத்துத் தலையையும் சரிசெய்தபின் எல்லாத் தொகுதிகளும் ஓடுகின்றன, 06 தவிர. இப்போது எப்போதும் அங்கேயேதான் நிற்கிறது. நீங்கள் சொன்ன கணக்குப்படி இது காயம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நாடாவில் குறுக்கே ஒரு மடிப்பு இருக்கிறது.

அந்த இடத்தைத் தாண்டி ஏற்ற வழி உண்டா? இரண்டாம் நிரலின் வெறுமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

எட்டுக்கு எட்டு எழுதியது:

நிச்சயம் தொடர்பு உண்டு. பெயரைப் பாருங்கள், 1, 2. முதல் நிரல் எழுத்துகளை வரையறுக்கிறது, இரண்டாவது அவற்றைப் பயன்படுத்துகிறது.

பிபிசி மைக்ரோவில் விடியூ 23 என்ற கட்டளை இருக்கிறது. 224 முதல் 255 வரை 32 எழுத்து எண்களுக்கு நம் விருப்பப்படி வடிவம் கொடுக்கலாம். ஓர் எழுத்துக்கு எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி, ஆகவே எட்டு எண்கள். 'ப' வேண்டுமென்றால் 0, 66, 66, 66, 66, 66, 126, 0. இதில் 66 என்பது 64ம் 2ம், அதாவது இரு செங்குத்துக் கோடுகள், 126 அடிக்கோடு. வலக்கோட்டை நீக்கி 66ஐ 64 ஆக்கினால் 'ட'. இப்படி 32 எழுத்துக்கும் சேர்த்து 256 பைட். இரண்டாம் நிரலை மட்டும் ஓட்டினால் அந்த 256 பைட்டில் எது கிடக்கிறதோ அதுதான் திரைக்கு வரும். உங்களுக்கு வெறுமை.

வரையறைகளைக் கையால் கொடுத்துச் சோதிப்பதானால் ஏழாம் திரை முறையில் செய்யாதீர்கள். அங்கே எழுத்தை வரைவது தனக்கென்றே எழுத்து வடிவங்கள் உள்ள டெலிடெக்ஸ்ட் சில்லு. அதற்கு விடியூ 23 தெரியாது. நான்காம் முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இனி 06. ஒவ்வொரு தொகுதியும் அதிகபட்சம் 256 பைட், அதற்கென்று தனியே சரிபார்ப்பு எண். அது பொருந்தாததால்தான் 'டேட்டா?' வருகிறது. நட்சத்திரக் குறியிட்டு ஆப்ட் 2,0 என்று கொடுத்தால் பிழையைப் பொருட்படுத்தாமல் ஏற்றும். வரி எண்ணோ வரி நீளமோ கெட்டிருந்தால் இயந்திரத்தின் நிரல்மொழியான பேசிக் 'பேட் புரோகிராம்' என்று மறுக்கும். கெட்டது டேட்டா வரிகளின் (நிரலுக்கு வேண்டிய எண்களை அடுக்கிவைக்கும் வரிகள்) உள்ளேயுள்ள எண்கள் மட்டும் என்றால் பட்டியலிட்டுப் பார்த்துக் கையால் திருத்திக்கொள்ளலாம்.

ஊசல் எழுதியது:

அதிர்ஷ்டம் நம் பக்கம். மறுக்காமல் ஏறியது. 06 முழுக்க டேட்டா வரிகள். இரண்டு வரிகளில் மட்டும் எண்களுக்கு நடுவே குப்பை.

வரைபடத் தாளில் எல்லா எழுத்துகளையும் புள்ளி வைத்து வரைந்து பார்த்தேன். அந்த ஆசிரியர் கெட்டிக்காரர். 32 இடத்தில் 247 எழுத்தை அடைக்க முடியாது என்று தெரிந்து, தட்டச்சு இயந்திரத்தில் இருப்பதைப் போலக் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனி வடிவங்களாக வைத்திருக்கிறார். 'ண', 'ஞ' இரண்டும் எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்கவில்லை. இடப்பாதி ஒன்று, வலப்பாதி ஒன்று என்று இரண்டு இடம் எடுத்திருக்கிறார். கெட்டுப்போன இரண்டு வரிகள் 'ஞ'வின் வலப்பாதியும் 'று'வும். 'று'வை நான் வரைந்துவிட்டேன். 'ஞ' எனக்கு வசப்படவில்லை.

இரண்டாம் நிரல் இப்போது பேசுகிறது. விடுபட்ட எழுத்தை நிரப்பும் பயிற்சி. தவறான விடைக்கு ஒரு கரகரப்பு ஒலி வேறு.

மெய்நிகர் எழுதியது:

பிடிவாதத்தை மெச்சுகிறேன். யுஇஎஃப் கோப்பாக்கிப் பகிருங்கள். ஒரு நகல் அசலாக, பிழையுடன் இருக்கட்டும். திருத்தியதைத் தனிக் கோப்பாக வையுங்கள். எது அவர் வரைந்தது, எது நீங்கள் வரைந்தது என்று பின்னால் குழப்பம் வரக்கூடாது. எலைட்டை வகுப்பில் எதற்குக் காட்டுகிறீர்கள்?

ஊசல் எழுதியது:

எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். எல்லாம் 32கே நினைவகத்தில். இயன் பெல்லும் டேவிட் பிராபெனும் 1984இல் அதை எப்படிச் சாதித்தார்கள் என்று மாணவர்களையே கேட்பேன். அட்டவணை போட்டுச் சேமித்திருப்பார்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மூன்று 16 பிட் எண்கள், அதாவது வெறும் ஆறு பைட் விதை. அதைத் திரும்பத் திரும்பக் கூட்டி முறுக்கியே அத்தனை உலகங்களும் வருகின்றன என்று தெரிந்ததும் கணக்கு வகுப்பில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். இனி இந்தத் தமிழ் நிரலும் அந்தப் பாடத்தில் சேரும்.

கோப்புகளை இரண்டாகவே பகிர்கிறேன். 'ஞ'வுக்கு யாராவது உதவுங்கள். இடப்பாதியின் எட்டு எண்களையும் இன்று மாலை இங்கேயே இடுகிறேன்; கோடுகள் இணைய வேண்டும்.

எட்டுக்கு எட்டு எழுதியது:

இடுங்கள், வரைந்து தருகிறேன். இடப்பாதியில் கடைசிப் பத்தியின் புள்ளிகள் எந்தெந்த வரிசையில் இருக்கின்றன என்பதையும் குறியுங்கள். ஒற்றைப்படை எண் வரும் வரிசைகள் அவைதான். வலப்பாதி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.