வன்னியை வைத்துத் திகில் கதை எழுதுகிறவர்களிடம் ஒரு கேள்வி

முள்ளியவளை வாசகி:

இந்த மாரி முழுவதும் பெரிய பதிப்பகங்களின் கை படாத திகில் கதைகளாகவே தேடி வாசித்தேன். ஆங்கிலத்தில் சில; தமிழில் கிண்டிலிலும் பிரதிலிபியிலும் வந்தவை பல. மனதில் பட்டதை எழுதுகிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஆங்கிலத்தில் என்னை உலுக்கியது டேதன் ஆர்பாக்கின் 'பென்பால்'. ரெடிட் என்ற இணைய மன்றத்தின் 'நோஸ்லீப்' திகில் கதைப் பகுதியில் தனித்தனிக் கதைகளாகத் தொடங்கி, வாசகர்களிடம் திரட்டிய பணத்தில் 2012இல் ஆசிரியரே நூலாக்கியது. பாலர் வகுப்புப் பிள்ளைகள் பலூனில் கடிதம் கட்டிப் பறக்கவிடுகிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்குப் பதில் கடிதம் வருகிறது. இந்தப் பையனுக்கு மட்டும் புகைப்படங்கள் வருகின்றன, ஒன்றும் விளங்காத மங்கலான படங்கள். பிறகொரு நாள் உற்றுப் பார்க்கும்போது படத்துக்குள் அவனே நிற்கிறான். பேய் கிடையாது. யாரோ தன்னை நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது மட்டும்தான். அன்றிரவு நான் வெளி விளக்கை அணைக்கவில்லை.

தமிழில் வாசித்தவற்றில் பெரும்பாலானவை பூட்டிய பங்களா, வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம். எழுதியவர் மல்லாவிக்காரர், கதையோ ஊட்டியில் நடக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. எழுதியவர் இளையவர் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். புதுக்குடியிருப்பு வீதியில் இரவு பஸ் ஒன்று நிற்கிறது. போராளிச் சீருடை அணிந்த பெண் ஒருத்தி ஏறி, குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். சாரதி போத்தலை நீட்டுகிறார். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக அவள் பயணிகளைக் கடித்துக் குதறுகிறாள். மடியில் புத்தகப் பையோடு இருந்த பள்ளிப் பிள்ளையையும் விடவில்லை.

2023 யூன் மாதம் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது எலும்புகளோடு பெண் போராளிகளின் சீருடைத் துணிகளும் வெளியே வந்தன. அந்தத் துணியை உடுத்தியவளின் தாய் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். அவளுடைய பிள்ளைக்குக் கோரைப்பல் முளைக்க வைக்கும் உரிமையை இந்த எழுத்தாளருக்கு யார் கொடுத்தார்கள்?

மாங்குளத்தான்:

அக்கா, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் 'உரிமை' என்ற பேச்சை ஏற்க மாட்டேன். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று ஆளுக்கு ஆள் சொல்வதைக் கேட்டே எங்கள் தலைமுறை வளர்ந்தது. இறந்தவர்களை வீரர்களாக எழுதலாம், பாவப்பட்டவர்களாக எழுதலாம், கோபக்காரர்களாக மட்டும் எழுதக்கூடாதா?

அநியாயமாகச் செத்தவர் திரும்பி வந்து கணக்குக் கேட்பது நம் கதைகளின் அடிநாதம். வைகாசியில் உப்புநீரில் விளக்கெரித்து, மடைப்பெட்டி தூக்கி வற்றாப்பளைக்குப் போகிறோமே, அங்கே யாரைக் கும்பிடுகிறோம்? நீதி கேட்டு ஊரையே எரித்தவளை. அவளுடைய கோபத்துக்குப் பொங்கல் வைக்கிற நாம் பஸ்ஸில் ஏறிய இன்னொரு பெண்ணின் கோபத்தைக் கண்டு ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

முள்ளியவளை வாசகி:

தம்பி, கண்ணகியை நீங்களே அழைத்து வந்தது நல்லதாகப் போயிற்று. மதுரையை எரிக்கும்போது அவள் தீக்கு இட்ட கட்டளை என்ன? 'மூத்தோர் குழவி எனுமிவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க.' யாரை எரிக்கக்கூடாது என்று அந்தக் கோபத்துக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் தெய்வம். இந்தக் கதையில் வருகிறவளுக்கு யாரைக் கடிக்கிறோம் என்றே தெரியவில்லை. அவளுக்கு ஒரு கோபமும் கொடுக்கப்படவில்லை, பசி மட்டும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சீருடையைக் கழற்றிவிட்டு வேறு எந்த உடையைப் போட்டாலும் கதையில் ஒரு வரி மாறாது. அப்படியானால் சீருடை எதற்கு? வாசகரை இழுக்கத்தான்.

ரொறன்ரோவிலிருந்து:

நீங்கள் இருவரும் அறத்தைப் பேசுகிறீர்கள். நான் தொழிலைப் பேசுகிறேன். கிண்டில் சந்தா வாசிப்பில் 2015 முதல் வாசிக்கப்பட்ட பக்கங்களைக் கணக்கிட்டே எழுதியவருக்குப் பணம் போகிறது. தொடர்கதைத் தளங்களில் அடுத்த அத்தியாயத்துக்கு வாசகரைக் கட்டிவைக்க ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அலறலில் முடிய வேண்டியிருக்கிறது. திகில் கதைக்கு இவை இரண்டுமே நஞ்சு. அதன் உயிரே சுருக்கத்தில் இருக்கிறது. ஒரு செம்மையாக்குநர் அருகில் இருந்திருந்தால் தண்ணீர்ப் போத்தலை நீட்டிய இடத்திலேயே கதையை நிறுத்தச் சொல்லியிருப்பார்.

தன் காசில் நூல் போடுவது நமக்குப் புதிதும் அல்ல. ஈழத்து எழுத்தாளர் பலர் நகையை அடகு வைத்து முந்நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழாவில் உறவினர் தலையில் கட்டித்தான் நூல் கண்டார்கள். ஆனால் அச்சுக்குப் போகும் முன் இரண்டு பேராவது கையெழுத்துப் பிரதியை வாசித்துச் சண்டை பிடித்தார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் நூல். அந்தச் சண்டை இல்லாமல் போய்விட்டது.

ஒட்டுசுட்டான் ஆசிரியர்:

ரொறன்ரோத் தம்பி சொல்வது பாதி சரி. ஆனால் செம்மையாக்குநர் வெட்டத்தான் முடியும், எழுதியவர் பார்க்காததைப் பார்க்க வைக்க முடியாது. இந்தக் கதைகளை நானும் வாசித்தேன். எழுதுகிற பிள்ளைகளுக்கு ஊட்டிப் பங்களாவின் படிக்கட்டு தெரிகிறது, தங்கள் ஊர்க் குளத்தின் அலைகரை தெரியவில்லை.

பொழுதுபட்ட பிறகு குளக்கட்டால் சைக்கிளில் வந்தவருக்குத் தெரியும், யானை நிற்பது காதில் விழாது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சுள்ளிகூட முறியாது. முதலில் மணம் வரும். பிறகு, எப்போதும் கத்துகிற தவளை துருசுப் (மதகு) பக்கத்தில் மட்டும் கத்தாமல் இருப்பது தெரியும். பிறகுதான் இருட்டுக்குள் ஒரு துண்டு மற்றதைவிடக் கறுப்பாக இருப்பது கண்ணில் படும். இந்த ஒழுங்கில் ஒருவர் எழுதினால் கொழும்பில் மாடிவீட்டில் இருப்பவரும் கதவைப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார்.

பஸ் கதைதான் வேண்டுமா? ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தாமல் போகிற சாரதி உண்டா? தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பயணிகள் கச்சான் வாங்கிய பிறகுதான் வண்டி நகரும். ஓர் இரவு ஒரு பஸ் நிறுத்தாமல் போகிறது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு போதும், நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

மாங்குளத்தான்:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். யானையும் முறிகண்டியும் உங்கள் பயம். அழகான பயம். எங்கள் பயத்துக்கு அழகு கிடையாது. மண்டையோடு கீறிய 'மிதிவெடி' பலகைக்கு அப்பால் பந்து விழுந்தால் போய் எடுக்காமல் வளர்ந்தவர்கள் நாங்கள். இரவில் மோட்டார் சைக்கிள் வாசலில் வேகம் குறைந்தால் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். அதை எழுதப்போகும் பிள்ளையிடம் குளக்கட்டைப் பார், தவளையைக் கேள் என்றால் அவன் எழுதாமலே விட்டுவிடுவான். அந்த பஸ் கதை மோசமான கதைதான், அதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பத்து மோசமான கதைகள் வந்த பிறகுதான் ஒரு நல்ல கதை வரும். முதலாவதிலேயே வாயைப் பொத்தினால் பத்தும் வராது.

வட்டக்கச்சி:

நான் அதிகம் எழுதுவதில்லை. என் அம்மா கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில் முதலிலிருந்தே இருப்பவர். அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். இறப்புச் சான்றிதழ் எடுங்கள், காசு கிடைக்கும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் எடுக்கவில்லை.

மேலே எல்லாரும் 'இறந்தவர்கள்', 'செத்தவர்' என்றே எழுதியிருக்கிறீர்கள். பேய் என்று எழுத முதலில் ஆள் சாக வேண்டும். என் அம்மா ஒப்பமிட மறுத்த காகிதத்தில் கதை எழுதுகிறவர் அவரைக் கேட்காமல் ஒப்பமிட்டுவிடுகிறார். அந்தக் கதையில் எனக்கு வலித்தது கடித்ததோ குதறியதோ அல்ல. அவள் இறந்துவிட்டாள் என்று முதல் வரியிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

மாங்குளத்தான்:

தங்கச்சி, நீங்கள் சொன்னதை இரண்டு முறை வாசித்தேன். அதிலிருந்து எனக்குத் தெரிவது, திகில் கதை வேண்டாம் என்பதல்ல. நமக்கு வேறு மாதிரியான திகில் கதை வேண்டும் என்பது. மேலே அக்கா சொன்ன ஆங்கில நூலில் என்ன இருக்கிறது? ஒரு புகைப்படம், அதை மறுபடி மறுபடி பார்க்கும் ஒருவர், விடை தெரியாத காலம். பேயே இல்லாமல் அதைத் திகிலாக எழுத முடிந்திருக்கிறது. வாசலில் யாரோ நிற்கிறார், அவர் உயிரோடு வந்தவரா இல்லையா என்று தாய்க்குத் தெரியவில்லை, எழுதுகிறவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு கதையைச் சொல்ல வேறு எந்த வகை எழுத்துக்கு வசதி இருக்கிறது? செய்திக் கட்டுரைக்கு எண்ணிக்கை வேண்டும், வழக்குக்குச் சாட்சி வேண்டும். தெரியாமையோடு கடைசிப் பக்கம் வரை இருக்க இந்த எழுத்தால் முடியும்.

முள்ளியவளை வாசகி:

இதை ஏற்கிறேன். திகில் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. வாசிப்பதை விடவும் போவதில்லை. ஆனால் என் நிபந்தனை ஒன்று நிற்கிறது. முள்ளிவாய்க்கால், கொக்குத்தொடுவாய் என்ற பெயர்களை அட்டைப்படத்தில் போட்டு விற்காதீர்கள். ஊருக்கு ஒரு கற்பனைப் பெயர் வையுங்கள். அங்கே தேடுகிறவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒட்டுசுட்டான் ஆசிரியர்:

அங்கேதான் நான் மாறுபடுகிறேன், பிள்ளை. ஊர்ப் பெயரை எடுத்தால் மீண்டும் ஊட்டிக்கே போய்விடுவார்கள். பெயர் இருந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவர் வாசித்துவிட்டு, இங்கே அப்படி ஒரு சந்தியே இல்லை என்று கேட்பார். அந்தப் பயம் எழுதுகிறவருக்கு இருக்க வேண்டும்.

வட்டக்கச்சி:

எனக்கும் ஊர்ப் பெயர் இருக்கலாம் என்றுதான் படுகிறது. அம்மாவிடம் இன்று கேட்டேன். கதையில் அண்ணா மாதிரி ஒருவர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "சாப்பிட்டானா என்று யாராவது கேட்கட்டும்" என்றார்.

ரொறன்ரோவிலிருந்து:

ஊர்ப் பெயர் விடயத்தில் இங்கே உடன்பாடு வரப்போவதில்லை என்று தெரிகிறது. நான் ஒன்று செய்கிறேன். அந்த பஸ் கதையை எழுதிய தம்பியோ தங்கையோ இதை வாசித்தால், அடுத்த கதையை வெளியிடும் முன் எனக்கு அனுப்புங்கள். பணம் வேண்டாம். வாசித்து, வெட்ட வேண்டிய இடத்தைக் குறித்து அனுப்புவேன். முள்ளியவளை அக்காவும் மாங்குளத்தானும் சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லது. இருவரும் ஒரே பக்கத்தில் சண்டை பிடிப்பீர்கள்.

மாங்குளத்தான்:

சம்மதம். ஆனால் சீருடை வந்தால் உடனே வெட்டச் சொல்ல மாட்டேன். முதலில் முழுவதையும் வாசிப்பேன்.

முள்ளியவளை வாசகி:

நானும் முழுவதையும் வாசிப்பேன். பள்ளிப் பிள்ளையைக் கடிக்கும் வரிக்கு வந்தால் அங்கேயே கேட்பேன்.