மேக்கில் ஆஃப்லைனாகவே இணைப்பு (லிங்க்) அறுபடாத பிடிஎஃப்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மொரிஷியஸில் தமிழ் மாலை வகுப்புகளுக்கான பாடத் தொகுப்பை வேர்டில் அமைக்கிறோம். பாடந்தோறும் உச்சரிப்பு ஒலிக்கு ஓர் இணைப்பு உண்டு. பொருளடக்கத்தைத் தட்டினால் உரிய பக்கம் வர வேண்டும். பிள்ளைகள் போனில்தான் படிக்கிறார்கள். இணைப்பு போனால் பாதிப் பாடமே போச்சு.

விண்டோஸில் சிக்கல் இல்லை. 'சேவ் ஆஸ்' போய்ப் பிடிஎஃப் தேர்ந்து, ஆப்ஷன்ஸில் தலைப்புகளிலிருந்து புக்மார்க் உருவாக்கும் கட்டத்தை டிக் செய்தால் போதும். 'பிரிண்ட் டு பிடிஎஃப்' மட்டும் வேண்டவே வேண்டாம்: அச்சுக்குப் போவது எழுத்தும் படமும்தான், இணைப்பு அங்கேயே உதிர்ந்துவிடும். முழு முகவரியை எழுதியிருந்தால் சில ரீடர்கள் தாமாகவே அதை இணைப்பாக்கிக் காட்டும், அதை நம்பாதீர்கள். முகவரி இரண்டு வரியாக மடங்கினால் முதல் வரி மட்டும் திறந்து பிழை வரலாம். 'இங்கே கேளுங்கள்' என்ற சொல்லில் ஏற்றிய இணைப்போ அடியோடு போய்விடும்.

தடை மேக்கில்தான். அங்கே வேர்டில் பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது வரும் இரண்டு தேர்வுகளில் 'பெஸ்ட் ஃபார் பிரிண்டிங்' இணைப்பைக் காப்பதில்லை. 'எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூஷன்' காக்கும். ஆனால் கோப்பு இணையம் வழியே போய் மாறி வர வேண்டும். படம் நிறைந்த கோப்புக்கு எங்கள் இணைய வேகம் போதவில்லை. வேர்டு கோப்பை லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' கொடுத்தால் இணையமின்றியே இணைப்பு நிற்கிறது, ஆனால் அட்டவணைகள் நகர்ந்து பக்க எண்கள் மாறுகின்றன.

மேக்கிலேயே, ஆஃப்லைனில், பக்க அமைப்பும் குலையாமல் இதைச் செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களுடையது நோட்டோ சான்ஸ் தமிழ், 12 புள்ளி. மாதிரிக்கு இரண்டு பக்கக் கோப்பு அனுப்பத் தயார்.