பெருக்கெடுத்த ஆற்றில் தனியாகக் கேனோவில் போய்த் திட்டுகளில் முகாம் இடம் பார்க்கலாமா?

தனித்துடுப்பு:

வணக்கம். எங்கள் குழுவில் எட்டுப் பேர், நாலு கேனோ. அடுத்த மாதம் ஆற்றோடு இறங்கி இரண்டு இரவு திட்டுகளில் தங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம். இடம் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. 6 கிலோமீட்டருக்குள் ஐந்து திட்டுகள் இருக்கின்றன, செயற்கைக்கோள் படத்தில் மூன்று தேறும் போலத் தெரிகிறது, ஆனால் படத்தை மட்டும் நம்பி எட்டுப் பேரைக் கூட்டிப் போக மனம் வரவில்லை.

இதற்குள் ஐந்து நாளாக மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரையோரப் புல் வரை ஏறிவிட்டது, கலங்கலாக, நுரையும் சருகுமாகப் போகிறது. என் திட்டம் இதுதான்: இந்த வார இறுதியில் நான் மட்டும் மேலே இறங்கி, ஒவ்வொரு திட்டாகத் தொட்டு, ஐந்தையும் பார்த்துவிட்டு, ஓரமாகவே துடுப்புப் போட்டுக் கிளம்பிய இடத்துக்குத் திரும்புவது. ஏன் இப்போதே என்றால், தண்ணீர் ஏறியிருக்கும்போதுதானே எந்தத் திட்டு முழுகும், எது தப்பும் என்று கண்ணால் பார்க்க முடியும்? வடிந்த பிறகு எல்லாத் திட்டும் நல்லதாகத்தான் தெரியும்.

ஆறு வருடமாகக் கேனோ ஓட்டுகிறேன். பெரும்பாலும் ஏரி, அதுவும் இன்னொருவருடன். தனியாக ஆற்றில் நாலைந்து தடவை போயிருக்கிறேன், எல்லாம் தண்ணீர் குறைவாக இருந்த நாட்கள். கேனோ 5 மீட்டர், இரண்டு பேருக்கானது. லைஃப் ஜாக்கெட், கூடுதல் துடுப்பு எல்லாம் உண்டு. போகலாமா?

நீர்மட்டம்:

முதலில் ஒன்று சொல்லுங்கள், ஆறு ஏறுகிறதா இறங்குகிறதா? எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம். ஏறுகிற ஆறு கரையில் கிடக்கும் கட்டை, வேரோடு சாய்ந்த மரம் எல்லாவற்றையும் அள்ளி நடு ஓட்டத்துக்குக் கொண்டுவரும். இறங்குகிற ஆறு அதையெல்லாம் ஓரத்திலும் திட்டுகளின் தலைப்பக்கத்திலும் விட்டுவிட்டுப் போகும். மட்டம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் வேறு வேறு ஆறு.

மழை நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். மேலே பெய்தது உங்கள் இடத்துக்கு வந்து சேர மணிக்கணக்கில், பெரிய ஆறென்றால் நாள்கணக்கில்கூட ஆகும். பனி உருகி வரும் ஆறாக இருந்தால் பகல் வெயிலில் உருகியது சாயங்காலமோ இரவிலோ வந்து சேரும், காலையில் பார்த்த மட்டம் இருட்டும்போது இருக்காது. மேலே அணை இருந்தால் திறப்பு எப்போது என்று கேட்டே ஆக வேண்டும்.

இரண்டு வேலை செய்யுங்கள். தண்ணீர் கரையைத் தொடுகிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு, இன்று இரவும் நாளைக் காலையும் பாருங்கள். அப்புறம் கரையில் 20 மீட்டர் அளந்து இரண்டு அடையாளம் வைத்து, நடு ஓட்டத்தில் வரும் ஒரு கட்டையைக் கண்ணால் பிடித்து, எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எண்ணுங்கள். நாலைந்து தடவை எண்ணிச் சராசரி எடுங்கள்.

தனித்துடுப்பு:

பார்த்தேன். நேற்று மாலை நட்ட குச்சியில் காலைக்குள் நாலு விரற்கடை ஏறியிருக்கிறது. 20 மீட்டரைக் கடக்க 9 விநாடி. ஐந்து தடவையும் ஏறக்குறைய அதேதான்.

நீர்மட்டம்:

அப்படியென்றால் இந்த வாரம் வேண்டாம், தயவுசெய்து.

கணக்கைப் பாருங்கள். 9 விநாடிக்கு 20 மீட்டர் என்றால் விநாடிக்கு 2.2 மீட்டர், மணிக்கு 8 கிலோமீட்டர். தனி ஆளாக நீங்கள் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் 5 கிலோமீட்டர் பக்கம்தான் இருக்கும். கேனோவின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வைத்து விடாமல் துடுப்புப் போட்டாலும் மணிக்கு 3 கிலோமீட்டர் பின்னால் போய்க்கொண்டிருப்பீர்கள். ஓரத்தில் ஓட்டம் குறைவுதான், அது சாதாரண நாளில். இப்போது அந்த ஓரம் மரங்களுக்குள் இருக்கிறது. கரை முழுகிக் கிடக்கும்போது கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடக்கவும் வழி இல்லை. ஆக உங்கள் திட்டத்தில் திரும்பி வருவது என்ற பாதியே இல்லை.

இன்னொன்று, தண்ணீர் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வழக்கமாக அங்கே விநாடிக்கு 1 மீட்டர் போகிறது என்று வைத்தால் இப்போது வேகம் 2.2 மடங்கு, விசை ஏறக்குறைய 5 மடங்கு. பழகிய கல், பழகிய திருப்பம் என்று நினைக்கிற இடத்தில் ஐந்து மடங்கு தள்ளும்.

இனிமேல் ஆற்றில் போகும்போதெல்லாம் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பத்து நிமிடம் மேல்நோக்கிப் போய்ப் பாருங்கள். ஏற முடியவில்லை என்றால் திரும்பி வரும் திட்டத்தை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். ஒருவழிப் பயணமாக மாற்றிக் கீழே வண்டி வைக்க ஏற்பாடு செய்யுங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போங்கள்.

பழையகரை:

மேலே சொன்னதற்கு முழு ஆமோதிப்பு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் ஏரியில் பழகிவிட்டு ஆற்றுக்கு வந்தவன்.

ஒரு திட்டை நோக்கி வந்துகொண்டிருந்தேன். ஆறு அங்கே இரண்டாகப் பிரிகிறது, வலது பக்கம் குறுகலான நீர்க்கால், நிழலாக, அமைதியாக இருப்பது போலத் தெரிந்தது. அதற்குள் போனேன். முப்பது மீட்டர் முன்னால் ஒரு கிளை நுனி தண்ணீருக்கு மேலே வந்தது, முங்கியது, மறுபடி வந்தது, ஒரே தாளத்தில் தலையாட்டிக்கொண்டே இருந்தது. மிதந்து வருகிற கிளை அப்படி ஒரே இடத்தில் நின்று ஆடாது. அது அடியில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு முழு மரத்தின் நுனி. எனக்கு அது அப்போது தெரியாது.

கேனோ பக்கவாட்டில் போய்க் கட்டையில் ஒட்டியது. பயத்தில் கட்டையை விட்டு விலகி, தண்ணீர் வரும் பக்கம் சாய்ந்தேன். எல்லாரும் முதல் தடவை செய்வது அதுதான், செய்யக்கூடாததும் அதுதான். மேல்பக்க விளிம்பு தாழ்ந்ததும் ஆறு உள்ளே கொட்டியது, இரண்டு விநாடி இருக்கும், அவ்வளவுதான். கட்டையின் பக்கம், அதைக் கட்டிப்பிடிப்பது போலச் சாய்ந்திருக்க வேண்டும். 5 மீட்டர் கேனோ நிரம்பினால் பல நூறு லிட்டர், லிட்டருக்கு ஒரு கிலோ, அதற்கு மேல் ஓட்டத்தின் தள்ளல். அது கட்டையைச் சுற்றி மடிந்துபோனதைக் கட்டை மேல் உட்கார்ந்துகொண்டுதான் பார்த்தேன். நான் மேலே ஏறிவிட்டேன், அடியில் இழுத்துக்கொண்டு போகவில்லை. அதில் என் திறமை எதுவும் இல்லை.

அதனால் சில விஷயம். ஆறு இறங்கிய பிறகு போனாலும் இது பொருந்தும்.

திட்டின் தலைப்பக்கம் ஒருபோதும் ஒதுங்காதீர்கள். ஓட்டம் நேராக மோதுகிற இடம் அது, வருகிற கட்டையெல்லாம் அங்கேதான் சேரும். தண்ணீர் அந்தக் கட்டைகளுக்கு இடையே வடிகட்டின மாதிரி போய்விடும், ஆள் போக முடியாது, கேனோவும் போக முடியாது. ஒதுங்க வேண்டிய இடம் வால்பக்கம். அங்கே தண்ணீர் வளைந்து, திட்டை நோக்கிப் பின்னால் திரும்பி வரும், மணல் படிந்திருக்கும். திட்டைத் தாண்டி இறங்கி, வால் முடிகிற இடத்தில் மூக்கை அந்த அமைதியான தண்ணீருக்குள் நல்ல வேகத்தோடு செலுத்துங்கள். சைக்கிளில் வளைவு திரும்பும்போது எப்படி உள்பக்கம் சாய்வோமோ அப்படியே, கேனோ எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் சாய வேண்டும். அந்த இரண்டு ஓட்டமும் சேருகிற கோட்டில்தான் நிறையப் பேர் கவிழ்வார்கள், பெருக்கில் அந்தக் கோடே சுழியாகக் குழம்பிக் கிடக்கும்.

ஆற்றைக் குறுக்கே கடக்க மூக்கை மேல்நோக்கி வைத்து, போக வேண்டிய கரைப்பக்கம் கொஞ்சமாகத் திருப்பி, அதே கோணத்தைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போடுங்கள். ஓட்டமே உங்களை அந்தப் பக்கம் நகர்த்தும். வேகமான ஓட்டத்தில் கோணம் கூடினால் மூக்கைப் பிடுங்கிக் கீழ்நோக்கித் திருப்பிவிடும்.

இரண்டு பேர் கேனோவில் தனியாகப் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், காற்றும் ஓட்டமும் அதைப் பிடித்துச் சுழற்றும். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் முழங்காலிட்டு உட்காருங்கள், இல்லையென்றால் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து கேனோவைத் திருப்பி ஓட்டுங்கள். மூட்டையை எதிர்முனையில் வைத்துச் சமன் செய்யுங்கள்.

விழுந்துவிட்டால் கேனோவுக்கு ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் இருக்கவே கூடாது, நிரம்பின கேனோவுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டினால் முடிந்தது. மல்லாந்து, கால் முன்னால், பாதம் தண்ணீர் மட்டத்தில். முழங்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாதம் கல்லிடுக்கில் சிக்கினால் ஓட்டம் உடம்பை முன்னால் தள்ளி முகத்தை அமுக்கிவிடும். ஆனால் எதிரே மரம் கிடந்து தப்ப வழியே இல்லை என்றால் மட்டும் கால் முன்னால் போகக் கூடாது. குப்புறத் திரும்பி, தலை முன்னால், அதை நோக்கி முழு பலத்தோடு நீந்தி மேலே ஏற வேண்டும்.

சேற்றுக்கோடு:

உங்கள் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்ல காரணம். எது முழுகும் என்று தெரிந்துகொள்ள, முழுகும் நேரத்தில் அங்கே நிற்க வேண்டியதில்லை. வெள்ளம் தான் ஏறிய அளவை எழுதி வைத்துவிட்டுத்தான் வடியும்.

மரப்பட்டையில் சேறு படிந்த கோடு ஒரே மட்டத்தில் வரிசையாகத் தெரியும். புதர்க் கிளைகளில் காய்ந்த புல்லும் நாரும் ஓட்டத்தின் திசையில் சீவிவிட்ட மாதிரி தொங்கும். தரையில் சருகும் சுள்ளியும் ஒரு வளைவாக ஒதுங்கிக் கிடக்கும், அதுதான் தண்ணீர் கடைசியாகத் தொட்ட விளிம்பு. இந்த அடையாளங்கள் வாரக்கணக்கில் இருக்கும். புதுச் சேறு வெளிர் நிறமாக, விரலால் தொட்டால் மாவாக உதிரும். அதற்கும் மேலே பழைய பெருக்கின் கோடு இருந்தால் அதையே கணக்கில் எடுங்கள். மட்டமான, மென்மையான மணல் என்று ஆசைப்படுகிற இடம் பெரும்பாலும் ஆறே போட்ட படுக்கை.

திட்டில் தங்குவதற்கும் கரையில் தங்குவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கரையில் தண்ணீர் ஏறினால் பின்னால் நகரலாம். திட்டில் நகர இடம் குறைந்துகொண்டே வரும், கடைசியில் ராத்திரி இருட்டில் கேனோவில் ஏற வேண்டியிருக்கும். ஆகவே எட்டுப் பேரும் கூடாரத்தோடு நிற்கிற அளவுக்கு மேடு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் ஊறிய மண்ணில் மரம் காற்றே இல்லாமல் சாயும், பட்டுப்போன மரத்தடி வேண்டவே வேண்டாம். பாம்பும் மற்ற உயிர்களும் மேடு தேடி இதே திட்டுக்குத்தான் வந்திருக்கும். மணலில் பறவை முட்டையிட்டிருந்தால் அந்தத் திட்டைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

குளிர்நீர்:

சுருக்கமாக. தண்ணீர் எவ்வளவு குளிர்? கனடாவின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் மிகக் குளிர்ந்த தண்ணீருக்குச் சொல்லும் 1-10-1 கணக்கு: திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். தனியாகப் போனால் அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் உங்கள் கையில். லைஃப் ஜாக்கெட் மாட்டியிருக்க வேண்டும், கேனோவில் கிடந்தால் பயனில்லை. போன், விசில், கத்தி எல்லாம் உடம்போடு. எந்தத் திட்டு வரை, எத்தனை மணிக்குள் என்று ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தனித்துடுப்பு:

எல்லோருக்கும் நன்றி. அந்த வாரம் போகவில்லை. குச்சியைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினோராவது நாள்தான் ஆறு பழைய கரைக்குள் அடங்கியது. 20 மீட்டருக்கு 19 விநாடி. நண்பர் ஒருவர் இன்னொரு கேனோவில் கூட வந்தார், கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஒருவழியாகவே போனோம்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது இரண்டாவது திட்டு, அகலமாக, மட்டமாக. அங்கே புதர்களில் புல் என் மார்பு உயரத்தில் தொங்கியது. நான் நின்ற இடத்தில் பத்து நாளுக்கு முன் அவ்வளவு தண்ணீர். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மூன்றாவதில் முட்டைகள் இருந்தன, கரையில் இறங்கியதும் திரும்பிவிட்டோம். நாலாவது திட்டின் இடது நீர்க்காலில் ஒரு மரம் கரைக்குக் கரை விழுந்து கிடக்கிறது. பழையகரை சொன்ன அதே தலையாட்டல், நண்பர்தான் முதலில் கண்டுபிடித்துக் கத்தினார். வலது பக்கமாகப் போனோம். ஐந்தாவது, படத்தில் நான் கணக்கிலேயே எடுக்காதது, வால்பக்கத்தில் ஒரு மேடு, சேற்றுக்கோட்டுக்கு மேல் இரண்டு ஆள் உயரம், நாலு கூடாரம் தாராளமாகப் போடலாம். முதல் இரவுக்குத் திட்டு எதுவும் தேறவில்லை, கரையில் ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

பழையகரை:

ரொம்ப மகிழ்ச்சி. நாலாவது திட்டின் மரத்தைக் குழுவில் எல்லாருக்கும் கிளம்பும் முன்பே வரைந்து காட்டுங்கள், முதல் கேனோவில் நீங்களே போங்கள். அதற்குள் ஒரு மழை பெய்தால் மரம் இடம் மாறியிருக்கும், மறுபடி பார்க்க வேண்டும். இரவில் நாலு கேனோவையும் மேட்டிலேயே ஏற்றிக் கவிழ்த்து மரத்தில் கட்டுங்கள், தண்ணீர் தூரத்தில் இருந்தாலும் சரி.

சேற்றுக்கோடு:

குடிதண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். ஆற்று நீரையே வடிகட்டுவதானால் ஒரு வாளியில் இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள், கலங்கலை நேராக ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வடிகட்டிய பிறகு கொதிக்க வைத்தே குடியுங்கள், பெருக்குத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். குச்சி நடுவதைத் திட்டிலும் மறக்க வேண்டாம், படுக்கப் போகும் முன் ஒன்று, நடு இரவில் எழுந்தால் ஒரு பார்வை.