கலைச்சொல்: மாகாண இணைப்பா, கீழிணைப்பா?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையைப் பினாங்கிலிருந்து படித்து வருகிறேன். காலனி ஆட்சியில் ஒரு மாகாணத்தை இன்னொன்றில் சேர்த்ததைக் குறிக்கும் கலைச்சொல்லாக 'மாகாண இணைப்பு' போதும் என்று பலரும் முடித்துவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். 1826ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் (Straits Settlements) என்ற ஒரே ஆட்சிப் பகுதி ஆக்கினார்கள். அது இணைப்பு, சரி. நான்கே ஆண்டில், 1830ல், அதன் பிரசிடென்சித் தகுதியை, அதாவது தனி ஆளுநர் கொண்ட மாகாணம் என்ற தகுதியைப் பறித்து வங்காளத்தின் பொறுப்பில் விட்டார்கள். அதையும் இணைப்பு என்றே எழுதினால் எப்படி? 1805 முதல் சென்னை, பம்பாய் வரிசையில் வைக்கப்பட்டிருந்த பினாங்கு, எதற்கும் கல்கத்தாவின் உத்தரவை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. மூன்று ஊர் சேர்ந்து ஒன்றானதும், ஓர் ஆட்சி இன்னோர் ஆட்சிக்குள் அடங்கிப் போனதும் ஒரே சொல்லில் வந்தால் படிப்பவருக்கு நடந்தது விளங்காது.

என் பாட்டி லுமுட்டில் பிறந்தவர். "லுமுட்டு அப்ப பினாங்குக்குக் கீழ இருந்துச்சி" என்று சொல்வார். சிறுவயதில் எனக்குப் புரியவில்லை. பேராக் மாநிலத்து ஊர் எப்படிப் பினாங்குக்குக் கீழே வரும்? அப்புறம்தான் டின்டிங்ஸ் கதையைப் படித்தேன். லுமுட்டும் பங்கோர் தீவும் சேர்ந்த பகுதிக்கு அப்போது அதுதான் பெயர். ஆங்கிலேயரும் பேராக் தலைவர்களும் செய்த 1874 பங்கோர் ஒப்பந்தத்தோடு பங்கோர் தீவும் லுமுட் பகுதியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. நிர்வாகம் பினாங்கிலிருந்து நடந்தது. 1935ல் பேராக்கிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இது ஏட்டளவு விஷயம் இல்லை. அதுவரை லுமுட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளை பிரிட்டிஷ் பிரஜை. எல்லைக்கு அந்தப் பக்கம் பேராக் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த இடத்தால் அந்த நிலை கிடைக்காது.

பாட்டியின் வாயில் இருந்த 'கீழ' என்ற சொல்தான் நாம் தேடுவது. 'கீழிணைப்பு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ஓர் ஆட்சிப் பகுதி தன் தனி நிர்வாகத்தை இழந்து இன்னொன்றின் நிர்வாகத்துக்குள் போவது மட்டும் கீழிணைப்பு. சமமாகச் சேர்ந்து புதிய ஒன்றாவதற்கு 'ஒன்றிணைப்பு' இருக்கட்டும். 'கூட்டிணைப்பு' வேண்டாம், மலேசியாவில் கூட்டு என்றாலே கூட்டரசு (federation) நினைவுக்கு வரும்.

இழையில் வந்த 'உட்சேர்ப்பு' நல்ல சொல்தான். ஆனால் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கும் அதுவே பொருந்தும். யார் மேலே, யார் கீழே என்று சொல்லாது. 'விழுங்கல்' கட்டுரைக்கு ஆகும், அகராதிக்கு ஆகாது.

இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தேன். தனிக் காலனியாகத் தொடங்கிய லபுவான், போர்னியோ கரையோரத் தீவு, 1907ல் சிங்கப்பூரோடு கீழிணைக்கப்பட்டது. பொருந்துகிறது. நடு இந்தியாவில் ஹைதராபாத் நிஜாமின் நிலமான பேரார் அதைவிடப் பொருத்தம். 1902ல் நிஜாமிடமிருந்து நிரந்தரக் குத்தகையாகப் பெற்று, 1903ல் மத்திய மாகாணத்தின் நிர்வாகத்தில் சேர்த்தார்கள். பெயரளவில் உரிமை நிஜாமுடையதே. இணைப்பு என்று எழுதினால் நாடே கைமாறியதாகத் தோன்றும். கீழிணைப்பு நிர்வாகத்தோடு நின்றுவிடுகிறது.

'கீழ்' இழிவாக ஒலிக்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். கீழ் நீதிமன்றம் என்கிறோமே, அங்கே இழிவா தெரிகிறது? நிர்வாகப் படிநிலைதான் தெரிகிறது. 'கீழ்' என்றால் கிழக்கு என்ற பழைய பொருளும் உண்டு, கீழக்கரை போல. ஆனால் 'இணைப்பு' பக்கத்தில் வரும்போது யாரும் திசையாகப் படிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

ஓரிடத்தில் எனக்கே சொல் அகப்படவில்லை. 1912ல் லபுவானைச் சிங்கப்பூரிலிருந்து எடுத்துத் தனிக் குடியேற்றமாக்கினார்கள். கீழிணைப்புக்கு எதிர்ச்சொல் வேண்டும். 'பிரிவினை' என்று போட மனமில்லை. அது 1905ல் வங்காளத்தை இரண்டாக வெட்டியதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.