மேற்கு பார்த்த கடைவீட்டு முகப்பில் துளைத்தகடு: எந்தத் துளை, எந்தத் தாங்குசட்டம்?

படகுத்துறை கேட்கிறார்:

வணக்கம். பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஒட்டினாற்போல் இரண்டு கடைவீடுகள், மூன்று மாடி. முகப்பு மேற்கே கடலைப் பார்த்தது. கடலுக்கு 400 மீட்டர்கூட இல்லை. மேல் இரண்டு மாடியும் ஆபீஸ். முகப்பு அகலம் 12.2 மீட்டர், மறைக்க வேண்டிய உயரம் 7 மீட்டர்.

சாயங்கால வெயிலுக்காகக் கண்ணாடிக்கு முன்னால் துளைத்தகடு போடத் திட்டம். இப்போது வரைந்திருப்பது: 3 மி.மீ. அலுமினியம், 10 மி.மீ. வட்டத் துளை, மையத்துக்கு மையம் 15 மி.மீ., 1,220 x 2,440 மி.மீ. தகடு முழு அளவில். தகட்டைத் தாங்கும் சட்டம் சாதா இரும்புக் குழாய், மேலே பெயிண்ட். பக்கவாட்டு மாடிப்படிக்கு நெய்த கம்பிவலை, ஸ்டெயின்லெஸ் 304. எங்கே இடிக்கும், சொல்லுங்கள்.

நிழல்கணக்கு பதில் சொல்கிறார்:

முதலில் வெயில். மாற்றுவரிசை (ஒரு வரிசைத் துளை அடுத்த வரிசையின் இரு துளைக்கு நடுவே வரும்) வட்டத் துளைக்குத் திறப்பு விகிதம், அதாவது தகட்டில் துளை எத்தனை சதவீதம் என்பது: துளை விட்டத்தின் வர்க்கத்தை மையத்துக்கு மைய இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்து 90.7ஆல் பெருக்க வேண்டும். 10க்கு 15 என்றால் 40 சதவீதம். 5க்கு 7.5 என்றாலும் அதே 40தான். தகட்டை விற்பவர் இரண்டும் ஒன்றே என்பார். வெயிலுக்கு இரண்டும் ஒன்றில்லை.

பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 1.20 வாக்கில். ஆகவே 5 மணிக்கும் ஏறத்தாழ 35 டிகிரி உயரத்தில் நிற்கும், நேரே உங்கள் கண்ணாடிமேல். அந்தச் சாய்வில் 3 மி.மீ. கனமுள்ள தகட்டின் துளைச் சுவரே 2.1 மி.மீ. அளவுக்கு ஒளியை மறைக்கும். 10 மி.மீ. துளையில் அது பெரிதாகத் தெரியாது. உள்ளே வருவது 30 சதவீதம். 5 மி.மீ. துளையில் பாதிக்கு மேல் அடைபட்டு 19 சதவீதம்தான் வரும். காற்றுக்கும் பார்வைக்கும் ஏறக்குறைய அதே திறப்பு, வெயில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 5க்கு 7.5 என்று மாற்றுங்கள். துளை எண்ணிக்கை நாலு மடங்காவதால் குத்துக்கூலி ஏறும், அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கும் தகட்டுக்கும் 600 மி.மீ. விடுங்கள், ஆள் நுழைந்து துடைக்க. மேலும் கீழும் மூடவே கூடாது. சூடான காற்று மேலே ஏறி வெளியேற வேண்டும். தகட்டின் உள்முகத்தைக் கறுப்போ கருஞ்சாம்பலோ ஆக்கினால் உள்ளிருந்து பார்க்கும்போது தகடு கண்ணை உறுத்தாது, கடல் தெரியும். உள்ளே வெள்ளையடித்தால் துளையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ராத்திரியில் கதை தலைகீழ்: உள்ளே விளக்கு எரிந்தால் வெளியே நிற்பவருக்கு எல்லாம் தெரியும். திரைச்சீலைச் செலவைக் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்று. 1984 சீரான கட்டடத் துணைவிதிகளில் 39ஆம் விதி, ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தடையின்றிக் காற்று வரும் திறப்பு 5 சதவீதம் வேண்டும் என்கிறது. முன்னால் தகடு நிற்கும்போது அந்த 5 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது என்று பிளான் சமர்ப்பிக்கும் முன்பே மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். தீயணைப்புத் துறையான பொம்பாவிடமும் காட்டுங்கள், மாடிக்கு ஒரு தகடாவது கீல் வைத்துத் திறக்கும்படி இருக்கட்டும்.

திருகும்வாஷரும் பதில் சொல்கிறார்:

மேலே சொன்ன துளைக் கணக்கு சரி. ஆனால் கடலோரத்தில் முதலில் சாவது தகடு இல்லை, சட்டமும் திருகும்தான்.

பெயிண்ட் அடித்த சாதா இரும்புக் குழாயை மறந்துவிடுங்கள். வெட்டி, வெல்டு வைத்து, ஓட்டையெல்லாம் போட்டு முடித்த பிறகு ஹாட் டிப் கால்வனைஸ் செய்யுங்கள், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுங்கள். மூடிய குழாயில் இரு முனையிலும் காற்றுத் துளை இல்லாமல் துத்தநாகத் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும். தொட்டிக்காரர் வாங்கவே மாட்டார். சைட்டில் வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். போல்ட் மட்டும்.

அலுமினியத் தகடு கால்வனைஸ் சட்டத்தை நேராகத் தொடக் கூடாது. நடுவில் 3 மி.மீ. ஈபிடிஎம் ரப்பர் பட்டை, திருகு ஸ்டெயின்லெஸ் 316, அதற்கு நைலான் வாஷர். வாஷர் இல்லாத திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், அங்கே தகட்டின் பவுடர் கோட்டிங் (பொடி தூவிச் சுட்டு ஏற்றும் பூச்சு) கொப்புளிக்கும். அந்த ரப்பர் பட்டை காற்றில் தகடு படபடப்பதையும் அடக்கும்.

அளவில் ஒரு சிக்கல். ஓரம் மடிக்காத தகடு வளையும். துளை குத்தும்போதே தகடு இழுபட்டு நெளியும், அதை லெவலிங் ரோலரில் நேராக்க வேண்டும். நாலு பக்கமும் 40 மி.மீ. மடித்தால் 1,220 அகலத் தகடு 1,140 ஆகிவிடும். உங்கள் 12.2 மீட்டரை 11ஆகப் பிரியுங்கள்: தகடு 1,099, இடைவெளி 10. உயரத்தில் 3 வரிசை, தகடு 2,323. மொத்தம் 33 தகடு, 1,220 x 2,440க்குள் அடங்கும். ஓரத்தில் 20 மி.மீ. துளையில்லாமல் விடுங்கள், பாதி வெட்டுப்பட்ட துளை கையைக் கிழிக்கும். எடை மடிப்போடு 500 கிலோவைத் தொடும், சட்டம் தனி. காற்றழுத்தத்தை மலேசியக் காற்றுச்சுமைத் தரமான எம்எஸ் 1553படி எஞ்சினியர் கணக்கிடட்டும், துளை இருக்கிறதே என்று குறைத்துப் போட வேண்டாம்.

2,323 மி.மீ. தகடு 40 டிகிரி சூட்டு வித்தியாசத்தில் 2 மி.மீ.க்கு மேல் நீளும். ஒரு முனையில் வட்ட ஓட்டை, மற்றதெல்லாம் நீள்ஓட்டை. எல்லாவற்றையும் இறுக்கினால் மத்தியானத்தில் தகடு வயிறு தள்ளும்.

வேலை வரிசை: குத்து, பிசிறு எடு, நேராக்கு, மடி, பிறகே கோட்டிங். பிசிறு முனையில் பவுடர் நிற்காது, உப்பு அங்கேதான் நுழையும். கோட்டிங்குக்கு AAMA 2605 என்ற அமெரிக்கத் தரம் கேளுங்கள். அது 10 வருட வெயில் சோதனை, 2604 என்றால் 5 வருடம்.

படகுத்துறை:

மிக்க நன்றி. 304 வலை மட்டும் பாக்கி. 25 மி.மீ. கண், 3 மி.மீ. கம்பி, 7 மீட்டர் ஒரே நீளம்.

இழைவலை பதில் சொல்கிறார்:

304 வேண்டாம், 316 போடுங்கள். கடற்காற்றில் 304இல் தேநீர்க் கறை போலப் பழுப்புப் படியும், அதுவும் மழை படாத இடத்தில்தான் அதிகம். வலையின் குறுக்குக் கம்பி சேரும் ஒவ்வொரு முடிச்சும் உப்பு தங்கும் பொந்து. 316ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

25க்கு 3 என்றால் திறப்பு 80 சதவீதம். காற்றுக்கு அருமை, வெயிலுக்கும் சாரலுக்கும் பூஜ்யம். படிக்கட்டுத் தரையைச் சாய்த்து வடிகால் கொடுங்கள், வழுக்காத டைல் போடுங்கள்.

7 மீட்டர் வலை வெயிலில் 4.5 மி.மீ. நீளும். மேலே கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, கீழே ஸ்பிரிங் வைத்த ஐபோல்ட்டில் (வளையத் தலை போல்ட்) இழுங்கள். ஸ்பிரிங் இல்லாவிட்டால் காலையில் விறைப்பு, மாலையில் தொய்வு. அந்த இழுவிசை முழுவதும் ஸ்லாப் விளிம்பில்தான் விழும். பழைய கடைவீட்டு ஸ்லாப்பில் போல்ட்டைக் குத்தும் முன் எஞ்சினியரிடம் விசையின் அளவைக் கொடுங்கள். இழுக்க வழியில்லை என்றால் மாடிக்கு ஒரு சட்டமாக வெட்டி, வெட்டு முனைகளை யூ வடிவப் பட்டைக்குள் வெல்டு வைத்துவிடுங்கள். வெட்டிய முனையைத் திறந்து விட்டால் நெசவு பிரிந்து, படியேறுபவர் சட்டையைப் பிடித்து இழுக்கும்.