பழைய படம்: வரைந்ததா, அச்சடித்ததா, புகைப்படமா? ஏமாந்தவர்கள் வாருங்கள்

தூசிதட்டி:
நான்கு வருடம் ஆகிறது, இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். மரச்சட்டம் போட்ட பெரிய உருவப்படம், நடுத்தர வயதுப் பெண், மார்பு வரைக்கும். கரியில் வரைந்த ஓவியம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நானும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். தலைமுடியில் இழை இழையாகக் கரிக்கோடு, காதோரம் விரலால் தேய்த்த தடம், எங்கேயும் ஒரு அச்சுப் புள்ளி கிடையாது. ஓவியமேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கண்ணாடியின் உள்பக்கம் தூசி சேர்ந்ததால் ஒருநாள் சட்டத்தைப் பிரித்தேன். முட்டை வடிவில் வெட்டிய மவுன்ட் அட்டையைத் தூக்கியதும் கை அப்படியே நின்றுவிட்டது. அட்டைக்கு அடியில் கரியே இல்லை. வரைந்தவர் வெளியே தெரிகிற இடத்தோடு நிறுத்திவிட்டார். ஆனால் அந்தப் பெண் அங்கே முடியவில்லை. வெளிறிய பழுப்பு நிறத்தில் உடையின் மடிப்பு கீழே போகிறது, ஒரு கை வருகிறது, அந்தக் கையைப் பிடித்தபடி ஒரு குழந்தையின் மூன்று விரல்கள். அதோடு தாள் முடிந்துவிடுகிறது.

புகைப்படம்! மங்கலாகப் பெரிதாக்கி அச்சிட்டு, அதன்மேல் கரியால் தீட்டியிருக்கிறார்கள். இதை ஓவியம் என்று சொல்வதா, புகைப்படம் என்று சொல்வதா? உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மூன்றாம்மாடி:
என் கதை இவ்வளவு அழகானது இல்லை. கேன்வாஸில் ஒரு மரக்கூட்டம், மேலே நல்ல தடிமனான தூரிகைத் தடம், கையால் தடவினாலே தெரியும். இரண்டு வருடம் எண்ணெய் ஓவியம் என்று சொல்லிக்கொண்டு மாட்டியிருந்தேன். ஒரு ராத்திரி மின்சாரம் போனபோது வீட்டுக்கு வந்திருந்தவர் போனில் டார்ச் போட்டார். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்ததும் பார்த்தால், அடிமரம் நேராக நிற்கிறது, தூரிகைத் தடம் குறுக்கே போகிறது. மரத்துக்கும் வானத்துக்கும் நடுவில் நிறம் மாறுகிற இடத்தில் தடம் நிற்கவே இல்லை, தன்பாட்டுக்கு ஓடுகிறது. இன்க்ஜெட்டில் கேன்வாஸ்மேல் அச்சடித்து, மேலே தெளிந்த ஜெல்லைத் தூரிகையால் பூசியிருக்கிறார்கள். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை அணைத்தார் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

கறுப்புமை:
முதல் பதிவரே, கோபிக்க வேண்டாம். தவறு “புள்ளி இல்லை, அதனால் ஓவியம்” என்று நினைத்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. புள்ளி இருந்தால் அச்சு, அதுவரை சரி. ரோஜா இதழ் மாதிரி வட்டம் வட்டமாக நான்கு நிறப் புள்ளிகள் சேர்ந்திருந்தால் ஆஃப்செட், அதாவது புத்தகமும் காலண்டரும் அச்சடிக்கிற முறை. ஒழுங்கே இல்லாமல் தூவினாற்போல் நுண்துளிகள் இருந்தால் இன்க்ஜெட். ஆனால் புள்ளி இல்லாத அச்சு எத்தனை இருக்கிறது! ஜெலட்டின் பூசிய தகட்டிலிருந்து எடுக்கும் பழைய அச்சான கொலோடைப்பை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் தொடர்நிறம் போலவே இருக்கும். 30 மடங்குக்குப் போனால்தான் புழு நெளிந்தது போன்ற வரிகள் தெரியும். புகைப்படத்தைச் செம்புத் தகட்டில் அரித்தெடுத்து அச்சடிக்கும் முறையாக 1879-இல் கார்ல் கிளீச் உருவாக்கிய ஃபோட்டோகிராவூரிலும் வரிசைப் புள்ளி இருக்காது, பொடி தூவிய மணல்தன்மைதான் இருக்கும். படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். அசல் புகைப்படத்தில் எவ்வளவு பெரிதாக்கினாலும் மையின் விளிம்பு என்று ஒன்று கிடைக்காது. வெள்ளி உப்பு பூசிய தாளில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால், கறுப்பான ஓரங்களைச் சாய்த்துப் பார்க்கும்போது நீலம் கலந்த உலோகப் பளபளப்பு தெரியும்.

அப்புறம், உங்களிடம் இருப்பது அபூர்வமும் இல்லை. 1857-இல் வுட்வர்ட் என்ற அமெரிக்கர் சூரிய ஒளியால் படத்தைப் பெரிதாக்கும் கேமராவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த வேலை மும்முரமாக நடந்தது. வேண்டுமென்றேதான் மங்கலாக அச்சடிப்பார்கள், மேலே வரைய வசதி. கேட்காமலே சொல்கிறேன்: கரி ஒட்டாமல் உதிரும், கண்ணாடியைத் தொடும்படி வைக்காதீர்கள். ஈரத்துணி கூடவே கூடாது. மவுன்ட் அட்டை பழுப்பேறியிருந்தால் அமிலமில்லாத அட்டைக்கு மாற்றுங்கள். பின்பக்கத்தில் எழுத்தோ சீட்டோ இருந்தால் கிழிக்க வேண்டாம். புற ஊதா டார்ச் இருந்தால் தாளில் அடித்துப் பாருங்கள். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அந்தத் தாளில் வெளுப்பூட்டி சேர்த்திருக்கிறார்கள், அது 1950 வாக்கில்தான் தாளுக்குள் வந்தது. உங்கள் படத்தில் ஒளிராது என்று நினைக்கிறேன்.

அரைக்கதவு:
மேலே இருப்பவர் என் கதையைவிட நீளமாக அறிவுரை எழுதிவிட்டார். பரவாயில்லை, ஈரத்துணி என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. யாரோ சொன்னார்கள் என்று பஞ்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொட்டு ஒரு மீனவர் படத்தில் லேசாக வைத்தேன். ஓரமாக வைத்திருக்கலாம். முகத்தில் வைத்தேன், ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. பஞ்சில் நிறம் வந்தது. ஆகா, அசல் ஓவியம் என்று ஒரு நொடி சந்தோஷம், அதற்குள் மூக்கு போய்விட்டது.

மறுபடி எச்சரிக்கை என்று யாரும் தொடங்க வேண்டாம், அந்தப் பாடம் ஆகிவிட்டது.

கறுப்புமை:
எச்சரிக்கை இல்லை, திருத்தம் மட்டும். பஞ்சில் நிறம் வந்தது ஓவியம் என்பதற்குச் சாட்சி ஆகாது. பல இன்க்ஜெட் மையும் அதில் கரையும்.

அரைக்கதவு:
முடிக்க விடுங்கள் ஐயா. மூக்கு போன இடத்தில் லென்ஸ் வைத்தேன். அடியில் பென்சிலில் இன்னொரு மூக்கு இருந்தது, சற்று இடப்பக்கம் தள்ளி. வரைந்தவர் முதலில் அங்கே போட்டுவிட்டு மனதை மாற்றியிருக்கிறார். அச்சு இயந்திரம் மனதை மாற்றாது. ஓவியம்தான் என்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதத்தைத்தான் வெளியே சொல்வதில்லை.

பித்தளைக்கொக்கி:
மூன்றாம்மாடி அவர்களே, தடம் குறுக்கே ஓடியதால் நீங்கள் தப்பித்தீர்கள். என்னுடையதில் தடமும் படமும் ஒத்துப்போயின. கையால் தடவினால் துணியின் நெசவும் தெரிந்தது. ஒரு மூலை மடங்கி லேசாக உரிந்தபோதுதான் பார்த்தேன், நெசவு உரிந்துகொண்டு வருகிறது, கீழே வெறும் அட்டை. ஓலியோகிராஃப். பல நிறங்களைக் கல்லில் ஒவ்வொன்றாக அச்சடித்து, வார்னிஷ் பூசி, கேன்வாஸ் நெசவைத் தாளில் அழுத்தி எடுப்பார்கள். ரவி வர்மா 1894-இல் தொடங்கிய அச்சகம் ஊரெங்கும் பரப்பியதும் இந்த வகைதான். அதனால் தடவிப் பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

மூன்றாம்மாடி:
தடவிப் பார்த்தால் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? டார்ச் என்றுதான் சொன்னேன்.

பித்தளைக்கொக்கி:
சரி, டார்ச். என் படத்துக்கு டார்ச்சும் உதவியிருக்காது.

தூசிதட்டி:
சண்டை வேண்டாம். கறுப்புமை கேட்டதால் சொல்கிறேன், ஈரம் வைக்கவில்லை. புற ஊதா விளக்கில் தாள் மங்கலாகத்தான் இருந்தது, ஒளிரவில்லை. பழைய அட்டை ஓரமெல்லாம் பழுப்பு, அதை மாற்றிவிட்டேன். புது அட்டையில் திறப்பை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கி வெட்டச் சொன்னேன், விரல்கள் வரைக்கும். இப்போது பார்ப்பவர்கள் வரைந்து முடிக்காத படம் என்கிறார்கள்.

அரைக்கதவு:
குழந்தை யார் என்று பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்ததா?

தூசிதட்டி:
ஒன்றும் இல்லை. பென்சிலில் ஒரு எண், அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர் போட்டதாக இருக்கும்.

மூன்றாம்மாடி:
சட்டத்தைப் பிரித்தீர்களே, பின்னாலிருந்த ஆணிகளை எதை வைத்து எடுத்தீர்கள்? என்னிடம் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது, கை வைக்கவே பயமாக இருக்கிறது.